தீவுக்கு விறகு எடை போடப் போனேன்

எனக்குப் பயம் காலையில் பல் தேய்க்கும்போதே தொடங்கிவிடும். கேஸை மூடினேனா, மோட்டாரை நிறுத்தினேனா, பூட்டை இழுத்துப் பார்த்தேனா என்று திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வரை நடந்து போய்விட்டுத் திரும்பி வந்த நாட்கள் உண்டு. "உனக்குக் கவலைப்பட ஒண்ணும் இல்லேன்னா, ஏன் ஒண்ணும் இல்லேன்னு கவலைப்படுவ" என்பார் என் வீட்டுக்காரர். அவர் சொல்வது சரிதான். இப்படிப்பட்ட ஒருத்தியின் கையெழுத்தை நம்பி ஒரு ஊருக்குக் கரண்ட் வருமா வராதா என்று முடிவாகப்போகிறது என்றால், அந்த ஊரின் நேரத்தை என்ன சொல்வது!

நான் வேலை பார்ப்பது கடலூரில் ஒரு சின்ன கம்பெனியில். மொத்தம் ஆறு பேர். ஒரு இடத்தில் ஒரு மிஷின் வைத்தால் ஓடுமா, ஓடாதா என்று பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் தொழில். போன வருஷம் எங்களுக்கு வந்த வேலை, பிச்சாவரம் உப்பங்கழிக்கு அந்தப் பக்கம், கடலை ஒட்டிய மணல்திட்டில் இருக்கும் ஒரு மீனவக் குடியிருப்பு. இருபத்திரண்டு வீடு. படகில்தான் போக வேண்டும். நடுவில் சுரபுன்னைக் காடு கிடப்பதால் அதற்குள் கம்பம் நட முடியாது, கம்பி இழுக்க முடியாது. முன்பு யாரோ கொடுத்த சோலார் விளக்குகளில் பாதியை உப்புக்காற்று தின்றுவிட்டது, மீதியைப் புயல் கொண்டு போய்விட்டது. ரேஷனில் மண்ணெண்ணெயும் வருவதில்லை. ஆறரை மணிக்கு மேல் அங்கே செல்போன் டார்ச்சுதான் வெளிச்சம். அந்தப் போனுக்கும் அக்கரைக்கு வந்துதான் சார்ஜ் போட வேண்டும்.

அங்கே வைக்க நினைத்தது விறகில் ஓடும் மிஷின். விறகைச் சின்னத் துண்டுகளாக வெட்டிக் காயவைத்து, ஒரு இரும்பு உருளைக்குள் போட்டு, காற்றைக் குறைத்துப் பாதி எரிய விட்டால் ஒரு வாயு கிளம்பும். அந்த வாயுவில் இன்ஜின் ஓடும். இன்ஜின் ஓடினால் கரண்ட். கேட்க ரொம்ப எளிது. ஆனால் தினமும் தீனி போட வேண்டிய மாடு மாதிரி அது. தீனி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. மணல்திட்டில் சவுக்குத் தோப்பு இருக்கிறது, வேலிகாத்தான் முள் மண்டிக் கிடக்கிறது. காய்ந்து விழுவதைப் பெண்கள் பொறுக்கி வருகிறார்கள். அடுப்புக்குப் போக மிச்சம் எவ்வளவு? அந்த ஒரு எண் வேண்டும்.

நான் கம்மாபுரத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் பழுப்பு நிலக்கரியை எரித்துக் கரண்ட் எடுக்கிற ஆலையின் புகைபோக்கிகள் தெரியும். கரண்ட் என்றால் தானாக வருவது என்று நினைத்து வளர்ந்தவள் கையில் தராசைக் கொடுத்து விறகு எடை போட அனுப்பினார்கள்.

முதல் தடவை போனபோது எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னேன். "ஒரு வாரம் எப்பவும் போலப் பொறுக்குங்க. அடுப்புக்கு எடுத்தது போக மிச்சத்தைத் தனியா அடுக்கி வைங்க. அடுத்த வாரம் வந்து எடை போடுவேன். எவ்வளவு மிச்சமோ அதை வச்சுத்தான் மிஷின் வருமா வராதான்னு சொல்வாங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கவே கூடாது. என் வாயில் சனி.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு அம்மா மட்டும் நின்றாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். என்னைக் கொண்டு வந்த படகுக்காரரின் மனைவி அவள். நல்ல உயரம், பேச்சில் ஒரு வேகம்.

"மேடம், நெசமா வருமா?"

"பார்க்கலாம்மா. விறகு இருந்தா வரும்."

"எம் பொண்ணு பத்தாவது படிக்குது மேடம். செதம்பரத்துல எந் தம்பி வூட்ல வுட்ருக்கேன். இங்க ராத்திரில படிக்க வெளக்கு இல்லியே. அக்கரைல பள்ளிக்கூடம் இருக்கு, அவுங்க அப்பா படகுல கொண்டுபோய் வுட்டுடுவாரு. வெளக்கு ஒண்ணு இருந்தா எம் பொண்ணு எங்கிட்டயே இருக்கும். வயசுப் பொண்ணு. எவ்ளோ நாளைக்கு இன்னொருத்தர் வூட்ல வைக்கிறது, சொல்லுங்க."

படகைத் தள்ளிக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "எம் மச்சான் நல்லவன்தான் மேடம். அந்த வூட்ல மத்தவங்களும் இருக்காங்கல்ல" என்றார்.

அந்த அம்மா ஒரு பொட்டலம் கருவாட்டைக் கையில் திணித்தாள். எனக்கல்ல, பெண்ணிடம் கொடுப்பதற்கு. ஊருக்குத் திரும்பும் வழிதானே, வீடு தேரடி பக்கம்தான் என்றாள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் என் பை முழுக்க மணம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் வேறு சீட்டுக்கு எழுந்து போனார்.

சிதம்பரத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி ஏழு இருக்கும். மாடிப் படிக்கட்டில், பொது விளக்குக்குக் கீழே, மூன்றாவது படியில் உட்கார்ந்து அந்தப் பெண் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே டிவி சத்தம். யாராவது மேலே ஏறினால் புத்தகத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்து வழி விட வேண்டும். நான் நின்ற ஐந்து நிமிடத்தில் மூன்று தடவை எழுந்தது. முகம் சுளிக்கவே இல்லை. எழுந்து எழுந்து பழகிவிட்டது போல.

"உள்ள உக்காந்து படிக்கலாமேம்மா?"

"மாமி சீரியல் பாப்பாங்க மேடம். பரவால்ல." பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்துச் சிரித்தது. பிறகு மெதுவாக, "கரண்ட் வந்துடுமா மேடம்? பப்ளிக் எக்ஸாமுக்கு முன்னாடி வந்துடுமா?" என்று கேட்டது.

"வந்துடும்" என்றேன்.

ஏன் சொன்னேன்! யார் என்னைக் கேட்டார்கள்! "பார்க்கலாம்" என்ற சொல்லை வைத்தே இருபது வருஷம் பிழைப்பு நடத்தியவள் நான். அன்றைக்கு என்னவோ வாய் தவறிவிட்டது. கடலூர் வரும் வரைக்கும் பஸ்ஸில் அந்த "வந்துடும்" என் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது.

அடுத்த வாரம் எடை போடப் போனேன். கொக்கியில் மாட்டித் தூக்கும் தராசு, படிவம், போன். இரண்டு பெண்கள் மூங்கிலைத் தோளில் தாங்க, நடுவில் தராசைத் தொங்கவிட்டு, கட்டுக் கட்டாக மாட்டி எடை போட்டோம். ஒவ்வொரு வீட்டிலும் விறகுக் குவியலைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு வீட்டிலும் டீ. "மேடம், எங்க வூட்ல மட்டும் குடிக்காம போனா எப்புடி?" என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். டீயும் உடனே வராது. "ஆச்சு மேடம், கொதிக்குது." "ஆச்சு மேடம், சக்கர வாங்கப் போயிருக்கு." இருபத்திரண்டு டீ குடித்தேன். என்ன பாசமான ஜனம் என்று நினைத்து நெகிழ்ந்தும் போனேன். விறகோ எதிர்பார்த்ததைப் போல இரண்டு பங்கு. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே போட்டோக்களை ரிப்போர்ட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வீட்டுக் குவியலில் ஒரு உடைந்த படகுப் பலகை இருந்தது. பச்சைப் பெயிண்ட், ஓரத்தில் வளைந்த ஆணி. ஐந்தாவது வீட்டிலும் ஒரு பச்சைப் பலகை. படகு உடைந்தால் பலகை நிறைய வரும்தானே என்று தள்ளிவிட்டேன். ஆறாவது வீட்டிலும் பச்சை. அதிலும் வளைந்த ஆணி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே ஆணி, அதே பக்கம் வளைந்திருந்தது. ஒன்பதாவது வீட்டில் பலகையைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள், ஆனால் ஆணி தெரிந்தது. மொத்தம் எண்ணினேன். பதினாலு வீட்டில் ஒரே பலகை.

"அடிப்பாவிங்களா!" என்று கத்திவிட்டேன். என் வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

டீ ஏன் தாமதமானது என்று அப்போதுதான் புரிந்தது. நான் முன்பக்கம் உட்கார்ந்து டம்ளரை ஊதிக்கொண்டிருக்க, பின்பக்கமாக ஒரே விறகு வீடு வீடாக ஓடியிருக்கிறது. அவர் போட்டோவைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் அம்மா பக்கத்து வீட்டு நாற்காலிகளையும் எதிர் வீட்டு ஃபிரிட்ஜையும் தூக்கி வந்து கூடத்தில் வைத்தது ஞாபகம் வந்தது. அந்த ஃபிரிட்ஜுக்கு எங்கள் வீட்டில் பிளக் பாயிண்ட்கூடக் கிடையாது. மாப்பிள்ளையாக அன்று வந்தவர்தான் இப்போது சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் இது கல்யாணம் இல்லை. பொய்க் கணக்கை நம்பி மிஷின் வந்தால் என்ன ஆகும்? மூன்று மாதத்தில் விறகு தீரும். தினமும் அது வாயைத் திறந்துகொண்டு நிற்கும். பக்கத்திலேயே பச்சைப் பசேலென்று சுரபுன்னைக் காடு. அதில் கத்தி வைத்தால் வனத்துறை கேஸ் போடும். வைக்காவிட்டால் மிஷின் துருப்பிடிக்கும். பெரிய அலை வந்தால் அக்கரை ஊர்களுக்கு முன்னால் நிற்கிற ஒரே தடுப்பும் அந்தக் காடுதான். இவ்வளவும் என் கையெழுத்தில். அன்று இரவு அடுப்பின் கேஸை மூடினேனா என்று பார்க்க எட்டு தடவை எழுந்தேன்.

புதன்கிழமை யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போனேன். படகுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வழியெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டே படகை ஓட்டினார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த அம்மா அடுப்படியில் நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். போனை நீட்டிப் பலகையைக் காட்டினேன். பார்த்தாள். பார்த்துவிட்டு முதலில் பக்கென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"கனமா இருக்குமேன்னு அத போட்டேன் மேடம். தண்ணில ஊறுன பலக."

"யார் யோசனை இது?"

"என்துதான். மத்தவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. ரேஷன் கார்டுக்கு எழுத வந்தா இருக்கறத ஒளிச்சு வெப்போம். இதுக்கு இல்லாதத காட்டணும்போலன்னு நெனச்சோம். நீங்கதான சொன்னீங்க, வெறகு ஜாஸ்தி இருந்தாத்தான் மிஷினு வரும்னு?"

"வந்த பிறகு என்ன செய்வீங்க? தினமும் எதைப் போடுவீங்க?"

அவள் கையைக் காட்டின பக்கம் திரும்பிப் பார்த்தேன். உப்பங்கழிக்கு அப்பால் காடு நின்றது. "அது இருக்குதே" என்றாள். சொன்ன மறுநொடியே அவளுக்கே பயம் வந்துவிட்டது. "வேற வழி இல்லேன்னாத்தான் மேடம்" என்றாள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். "உங்க பொண்ணுகிட்ட கரண்ட் வந்துடும்னு சொல்லிட்டேன்மா நான். பைத்தியக்காரி மாதிரி சொல்லிட்டு வந்துட்டேன்" என்றேன். இதை ஏன் அவளிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வீடு வீடாகப் போய் எல்லாரையும் கூப்பிட்டாள். இந்தத் தடவை யாரும் டீ போடவில்லை. எடை போட்ட ஒவ்வொரு கட்டின் மேலும் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டேன். அந்த அம்மாவே சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டு வந்தாள். முடித்தபோது முதல் கணக்கில் பாதிகூட இல்லை. ஈர விறகைக் கழித்தால் இன்னும் குறைவு. ஐப்பசி கார்த்திகை மழையில் காயவே காயாது, அதற்கும் சேமித்து வைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டைத் திறந்தேன். ஒரு பக்கம் "இருப்பு", ஒரு பக்கம் "தேவை". இருப்புப் பக்கத்தில் உண்மையான எடையைப் போட்டேன், முதல் எடை ஏன் தப்பு என்பதையும் கீழே குறித்தேன். தேவைப் பக்கம் ஆபீஸிலிருந்தே நிரப்பி வந்தது, அதில் நான் கை வைக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் எட்டவே இல்லை. எப்படி எப்படியோ போட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். சோறு இறங்கவில்லை. கடைசியில் "சாத்தியமில்லை" என்று எழுதி அனுப்பினேன். நேர்மையாக இருந்தால் நெஞ்சு லேசாகும் என்பார்களே, அதெல்லாம் சும்மா. எனக்குக் கல்லைத் தூக்கி வைத்தது போலத்தான் இருந்தது.

எங்கள் ஆபீஸ் சார் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "சரிம்மா, நல்லா பண்ணியிருக்கீங்க. அடுத்த ஊரைப் பார்ப்போம்" என்றார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால்கூட நான் கொஞ்சம் சண்டை போட்டிருப்பேன்.

தீவுக்குப் போய் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. படகுக்காரருக்குப் போன் செய்தேன். அவர் போன் எப்போதும் போல அணைந்து கிடந்தது. ஒரு மெசேஜ் அனுப்பினேன். "மன்னிக்கவும். விறகு போதவில்லை." இரண்டு நாள் கழித்துப் பார்த்ததாகக் காட்டியது. பதில் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் சிதம்பரம் பக்கமே போகவில்லை. போக வேண்டிய வேலையைக்கூட வேறு ஆளிடம் தள்ளினேன். ஆனால் எத்தனை நாளைக்குத் தள்ள முடியும்? ஒரு சனிக்கிழமை காலை, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிரே, பழக்கடை பக்கத்தில், அந்த அம்மா. கையில் கட்டைப்பை. நான் சட்டென்று ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். நாற்பத்தி நாலு வயதில், இன்ஜினியரிங் படித்த நான், தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

"மேடம்!"

பார்த்துவிட்டாள். விறுவிறுவென்று வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கோபம் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பொண்ண பாத்துட்டு வரேன் மேடம். எளைச்சிப் போயிருக்கு. அந்தப் படிக்கட்லயும் இப்ப உக்கார வேணாம்னுட்டாங்களாம், மேல்வூட்டுக்காரரு சத்தம் போட்டாராம். காலைல நாலு மணிக்கு எழுந்து சமையக்கட்டுல படிக்குது. பரிச்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான இருக்கு."

"நான் என்னால முடிஞ்சதைப் பார்த்தேம்மா" என்று ஏதோ உளறினேன்.

"தெரியும் மேடம். பொய் சொன்னது நாங்கதான." பையைக் கை மாற்றிக்கொண்டாள். "ஒண்ணு மட்டும் கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. எவ்ளோ கொறைஞ்சுது? எவ்ளோ வெறகு இருந்தா போதும்னு வெச்சிருந்தீங்க?"

சொன்னேன். அவள் கண் விரிந்தது.

"அம்மாடி! அவ்ளோ எதுக்கு? ஊரையே கொளுத்துறதுக்கா?"

"இல்லம்மா. வீட்டுக்கு மூணு லைட், ரெண்டு ஃபேன், டிவி, மிக்ஸி. அப்புறம் தெரு விளக்கு. ஊருக்குப் பொதுவா ஒரு பெரிய ஐஸ் பெட்டி. எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் கணக்கு."

"ஃபேனா?"

"ஆமா. வீட்டுக்கு ரெண்டு."

"மேடம், நாங்க கடலுக்குப் பக்கத்துல இருக்கோம். அடிக்கிற காத்துல கூர நிக்கறதே பெரிசு. எங்களுக்கு ஃபேன் எதுக்கு மேடம்?"

அந்தத் திட்டில் என் படிவம் காற்றில் பறந்து பறந்து, அதைத் துரத்தியே எனக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. அப்படிப் பிடித்து வந்த படிவத்தில், நாற்பத்தி நாலு ஃபேனுக்கு விறகு போதவில்லை என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

"டிவி யாரு கேட்டா? மிக்ஸி யாரு கேட்டா?" அவள் குரல் ஏற ஆரம்பித்தது. "ஐஸ் அக்கரைலேர்ந்து படகுல வருது, வந்துட்டுப் போவட்டும். வூட்டுக்கு ஒரு வெளக்கு, ஒரு போன் சார்ஜி. அது போதும் எங்களுக்கு. சாய்ங்காலம் வெளக்கு வெக்கிற நேரத்துலேர்ந்து புள்ளைங்க படிச்சு முடிக்கற வரைக்கும். அதுக்கு எவ்ளோ வெறகு ஆவும்? அத சொல்லுங்க."

பையிலிருந்து பேனாவை எடுத்தேன். பேப்பர் அகப்படவில்லை. பழைய பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் போட்டேன். இருபத்திரண்டு வீடு, வீட்டுக்கு ஒரு விளக்கு, ஒரு போன், நாலு மணி நேரம். சின்ன மிஷினே போதும். ஒரு தடவை போட்டேன், நம்ப முடியாமல் இரண்டாவது தடவை போட்டேன். சுண்ணாம்புக் கோடு போட்டு எடுத்த அந்த உண்மையான எடை, மழைக்காலச் சேமிப்பைக் கழித்த பிறகும், போதும். கொஞ்சம் மிச்சம்கூட இருந்தது. சுரபுன்னைக் காட்டில் ஒரு குச்சியைக்கூடத் தொட வேண்டாம்.

"என்னா மேடம்?"

"போதும்மா" என்றேன். "இருந்த விறகே போதும். அந்தத் தேவைக் கணக்கை நான் பார்க்கவே இல்ல. ஆபீஸ்ல கொடுத்ததை அப்படியே வச்சுக்கிட்டேன். வேற எந்த ஊருக்கோ போட்ட கணக்கு அது."

கடலூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கத்தினார். நான் ஏறவில்லை. அந்த அம்மா டிக்கெட்டை வாங்கி, படிக்கத் தெரிந்தவளைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"எங்க பொய்ய மட்டும் அவ்ளோ தூரம் படகுல வந்து, எடை போட்டு, கோடு போட்டுத் திருத்துனீங்களே மேடம்" என்றாள். "இத யாரு திருத்துவா?"

அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. நான் விறகைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களைப் பிடித்தேன். என் தாளில் எழுதியிருந்ததைப் பிடிக்கவில்லை. ஊரெல்லாம் சுற்றி எவ்வளவு விறகு இருக்கிறது என்று இருபத்திரண்டு வீட்டில் கேட்ட நான், உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வீட்டில்கூடக் கேட்கவில்லை. பூட்டை ஐந்து தடவை இழுத்துப் பார்க்கிறவள், அந்த ஒரு பக்கத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கேயே நின்று ஆபீஸ் சாருக்குப் போன் போட்டேன். "சார், பிச்சாவரம் ரிப்போர்ட்ல தப்பு இருக்கு. என் தப்பு. அவுங்களுக்கு மிஷின் வைக்கலாம்" என்றேன். அவர் வீட்டில் இருந்தார் போல, குக்கர் சத்தம் கேட்டது. "அது முடிச்சு அனுப்பியாச்சேம்மா. இனிமே அதைத் திறந்தா நமக்குத்தான் கெட்ட பேரு. விறகு கணக்குல அவுங்க ஏமாத்துனதும் உள்ள இருக்கு. விடுங்க, திங்கக்கிழமை பேசலாம்" என்றார். திங்கட்கிழமை பேசலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவரிடம் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கும் எனக்குத் தெரியும். "சார், சார்" என்று திக்கினேன். எனக்குச் சண்டை போடத் தெரியாது. பயப்படத்தான் தெரியும்.

அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, போனை என் காதிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"சார், வணக்கம் சார். அந்தப் பலகையத் தூக்கிக்கிட்டு ஓடுனவ பேசறேன் சார்" என்றாள். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற குரல். "எங்களுக்கு ஃபேன் வேணாம் சார். எழுதிக்குங்க."